ஞ இல்லாத கையெழுத்து டைப்

1. புது டைப் வந்தது

ராயபுரத்தில் காசிமேட்டுக் குப்பத்துக்குப் போகும் வழியில் எங்கள் அச்சகம் இருந்தது. அப்பா அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். நெஞ்சுச்சளி முற்றி அவர் படுக்கையில் விழுந்தபோது, ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் அவருடைய டைப் கேஸின் முன்னால் நான் போய் நின்றேன். பொம்பளைப் பிள்ளை எழுத்துக் கோப்பதா என்று சிலர் கேட்டார்கள். முதலாளி தங்கையாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் சொன்னார்: "எஸ்தருக்கு வேலை தெரியும். வேட்டி கட்டினவன்தான் கோக்கணும்னு எழுத்து வந்து உம்மகிட்ட சொல்லிச்சாக்கும்?"

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தை நம்பிய அச்சகம் எங்களுடையது. பில் புத்தகம், மூட்டைக்கு ஒட்டும் சீட்டு, தொழிலாளர் கூட்டத்து நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். கல்யாணப் பத்திரிகை வேலை மட்டும் எங்களைத் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கத்தான் முதலாளி ஒரு கையெழுத்து டைப் வாங்கி வந்தார். சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரியில் வார்த்தது.

இன்று நீங்கள் ஒரு பட்டனைத் தட்டினால் கையால் எழுதியது போன்ற எழுத்து வந்துவிடுகிறது. எங்களுக்கு அது ஈயம். சாதாரண டைப்பில் ஒவ்வொரு எழுத்தும் தன் சதுரத்துக்குள் விறைப்பாக நிற்கும். இது அப்படி நிற்காது. வலது பக்கம் சாய்ந்திருக்கும். ‘ழ’வின் வால் தன் உடம்புக்கு வெளியே ஓடி, முந்தின எழுத்தின் காலடிக்குப் போய் நிற்கும். அந்தக் காலத்து ‘லை’க்கும் ‘னை’க்கும் தலையில் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு, இந்த டைப்பில் அந்தத் தும்பிக்கை மயிரிழையாக இளைத்து, நுனியில் தலை குனியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த வால்களும் சுழிகளும்தான் அழகு, அவைதான் முதலில் உடையும். மற்ற டைப்பைப் போல் கேஸுக்குள் வீசி எறியக் கூடாது. ஒவ்வொரு அறையிலும் பழைய மெல்லிய சேலைத்துணி விரித்து, முட்டையை வைப்பது மாதிரி வைப்பேன். எழுத்துக்கு நடுவில் ஸ்பேஸ் போட்டு வரியை இழுத்தால் எழுதின கை விட்டுவிட்டு எழுதினது போலாகிவிடும். மிஷினில் அழுத்தம் கூடினால் அவ்வளவுதான். நாலு வரி, ஐந்து வரி அழைப்புக்கு அது போதும். பில்லுக்கும் நோட்டீஸுக்கும் ஆகாது.

ஒரு குறை இருந்தது. டைப்பை அடுக்கும்போதே பார்த்துவிட்டேன். ஞ வரிசை முழுக்கவே வரவில்லை. ஃபவுண்டரியில் கேட்டதற்கு, "அப்புறம் அனுப்புறோம்" என்றார்களாம். ஞ இல்லாமல் ‘ஞாயிற்றுக்கிழமை’ எப்படிக் கோப்பது? அந்தக் காலத்தில் ‘ஆதிவாரம்’ என்றும் போடுவார்கள், அப்படியே ஓட்டினோம். ‘மஞ்சள்’ வந்தால் வேறு டைப்பிலிருந்து ஓர் எழுத்தைக் கடன் வாங்கிச் செருகுவேன். கூட்டத்தில் போலீஸ்காரன் நிற்பது மாதிரி அது தனியாகத் தெரியும்.

பிழை பார்க்க முதல் புரூஃப் எடுத்தபோது டிரெடில் அச்சு மிஷினை மிதிக்கும் கன்னியப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா எஸ்தரு இது? யாரோ நேத்து குந்திகினு எழுதி வெச்சா மாதிரி கீது" என்றான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மற்ற டைப்பைப் பார்த்தால் வார்த்தை தெரியும். இதைப் பார்த்தால் ஒரு ஆள் தெரிந்தார்.

2. படிக்கத் தெரியாதவள் படித்தாள்

சில மாதங்கள் கழித்து ஒரு முற்பகலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அச்சகத்துக்குள் வந்தாள். சேலையில் உப்புக் கறை, கையில் நாங்கள் அடித்த கல்யாணப் பத்திரிகை. கருவாடு காயவைத்து விற்கிறவள் என்று வாடையே சொன்னது.

"இத்த எழுதுனவரு எங்கே?" என்றாள்.

"இது எழுதினது இல்லக்கா, அச்சு. நான்தான் கோத்தேன்" என்றேன்.

"நீ இல்ல. எழுதுனவரு."

முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கன்னியப்பன் சிரித்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"என் பேரு லூர்து. எனுக்கு அச்செழுத்து படிக்க வராது. பள்ளிக்கூடம் போனது இல்ல. எங்க வூட்டுக்காரு கரித்துண்டால தரையில எழுதி எழுதி எனுக்குச் சொல்லிக் குடுத்தாரு. அவரு எழுதினா மட்டும் படிப்பேன். வேற யார் எழுதினாலும் எனுக்குக் கிறுக்கல்தான். நேத்து பக்கத்து வூட்ல இந்த அட்டைய குடுத்துட்டுப் போனாங்க. கையில வாங்கினேன், படிச்சுட்டேன்."

கன்னியப்பனுக்குச் சந்தேகம். பெரிய பெரிய எழுத்தில் அடித்த ஒரு நோட்டீஸை அவளிடம் நீட்டினான். அவள் முதல் எழுத்தில் விரலை வைத்து, ரொம்ப நேரம் நின்று, தலையை ஆட்டினாள். அப்புறம் காயப்போட்டிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்பதை ‘திருமுழுக்கு’ என்று மாற்றி நான் கோத்திருந்தது, அன்று காலையில்தான் அடித்தது. அதை அவள் தங்குதடை இல்லாமல் வாசித்தாள். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், கோவில், நேரம், எல்லாம்.

கன்னியப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ இன்னொண்ணு பாரு, பொண்ணே" என்றாள் என்னிடம். "ஈ-க்கு ரெண்டு புள்ளி வெப்பாங்க இல்ல. அவரு நேரா வெக்க மாட்டாரு. ஒரு புள்ளி ஏறி இருக்கும், ஒண்ணு எறங்கி இருக்கும். கப்பல் ஆடுறா மாதிரின்னு சொல்லுவாரு."

நாங்கள் அதுவரை அடித்த எதிலும் ‘ஈ’ வந்ததாக எனக்கு நினைவில்லை. கேஸில் அந்த அறையைத் தேடி ஒன்றை எடுத்தேன். டைப்பில் எழுத்து திருப்பி இருக்கும். இருந்தாலும் பழகின கண்ணுக்குத் தெரியும். ஒரு புள்ளி மேலே, ஒரு புள்ளி கீழே. பட்டப்பகல். வெளியே துறைமுகத்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் முதுகுத்தண்டில் யாரோ ஈரக்கையை வைத்தது போல் இருந்தது.

அவள் கணவர் சவரிமுத்து துறைமுகத்தில் மூட்டைகளுக்கு மார்க் எழுதுகிறவராம். காசிமேட்டுக் கட்டுமரக்காரர்கள் வலைப்பெட்டிக்குப் பெயர் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்களாம். ரங்கூன் துறைமுகத்தில் வேலை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறார். பையனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அப்புறம் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பர்மாவிலிருந்து ஜனங்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். வந்தவர்களில் அவர்கள் இல்லை. பெயரையே யாரும் கேட்டதில்லை என்றார்கள்.

"எனுக்கு அவரு மொதல்ல சொல்லிக்குடுத்த எழுத்த காட்டு" என்றாள். "ஞானா. எம்புள்ள பேரு ஞானம்."

நான் கேஸில் காலியாகக் கிடந்த அறையைப் பார்த்தேன். "அந்த எழுத்து இதுல இல்லக்கா."

"இல்லன்னா?"

"எல்லா எழுத்தும் வந்திச்சு. ஞ மட்டும் வரல."

அவள் பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெதுவாகப் பேசினாள், எனக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத மாதிரி.

"அத்தினி எழுத்தும் எழுதிக்கீறாரு. எம்புள்ள பேரு எழுத்து ஒண்ணத்தான் எழுதல. அப்போ அவன் பூட்டான்."

கிளம்பிப் போய்விட்டாள். பத்திரிகையை, கோத்த எழுத்தைப் பூட்டும் கல்மேசையின் மேல் விட்டுப் போயிருந்தாள். அன்று மாலைவரை நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

3. ஊரார் வீட்டுச் சாவு

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். உள்ளே வரமாட்டாள். வாசலில் நின்று, மிஷின் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தட்டு மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் புருஷனின் கையெழுத்தில் ஓர் அட்டை விழும். அவள் உதடு அசையும். கன்னியப்பனுக்கு அது தாங்கவில்லை.

"பேஜாரா கீது எஸ்தரு. நான் மிதிக்கிறேன், எவனோ எழுதுறான். மிசின்ல நம்ம கையோட இன்னொரு கை கீது" என்றான். அந்த டைப்பை மிஷினில் பூட்டிய நாளில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் மிதிப்பான். அவன் வேதக்காரன்கூட இல்லை.

முதலாளி நம்பவில்லை. "எவனோ எழுதின எழுத்து அவ புருஷன் கை மாதிரி இருக்கு. அதுக்கென்ன? ஒலகத்துல ஒரே மாதிரி மூக்கு இல்லையா?" என்றார். ஆனால் அவள் வாசலில் நிற்கும்போது அவரும் உள் அறைக்குப் போய்விடுவார்.

அந்த மாரிக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். குடும்பத்தார் நினைவு அட்டையைக் கையெழுத்து டைப்பில்தான் கேட்டார்கள். கறுப்புக் கரை போட்டு அடித்துக் கொடுத்தோம். மறுநாள் லூர்தக்கா முதல் தடவையாகப் படியேறி வந்து, அந்த அட்டையை என் கேஸின் மேல் வைத்தாள்.

"ஊரான் வூட்டுச் சாவ எல்லாம் எனுக்குச் சொல்றாரு. எம்புள்ளது மட்டும் சொல்ல மாட்டேன்றாரு. நீ கேளு" என்றாள்.

"யாரைக்கா கேக்கறது?"

"இந்த எழுத்த ஊத்துனவன."

நான் முதலாளியிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எழுத்தில்லை என்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுப்பதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். தானே ஃபவுண்டரிக்குப் போனார். திரும்பி வந்து, "அந்த எழுத்தை எழுதித் தர மாட்டேங்கிறாராம். இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கேன்னு ஃபவுண்டரிக்காரன் சொல்லியிருக்கான்" என்றார். யார் எழுதித் தர மாட்டேன் என்கிறார் என்று கேட்டேன். அப்போதுதான், எழுதினவர் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொங்கலுக்கு முன்னால் பொட்டலம் வந்தது. ஞ வரிசை. கேஸுக்கு எடுத்துப் போகும் முன் ஒரு எழுத்தை வெளிச்சத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். மற்ற எழுத்துகளில் கோடு தண்ணீர் மாதிரி ஓடும். இதில் ஓடவில்லை. வளைவில் கோடு நடுங்கியிருந்தது, சுழிக்கு முன்னால் ஓரிடத்தில் நின்று, பிறகு தொடர்ந்திருந்தது. எழுத்துக்கு அச்சு வெட்டுகிறவர் தாளில் இருந்த நடுக்கத்தை அப்படியே இரும்பில் வெட்டியிருந்தார். ஒரு மனுஷன் அழுதுகொண்டே எழுதியது ஈயத்தில் உறைந்து என் விரல் நுனியில் இருந்தது.

லூர்தக்காவிடம் அதை மறைக்க நினைத்தேன். முடியவில்லை. ஒரு தாளில் ஒற்றி எடுத்துக் கொடுத்தேன். அவள் கட்டைவிரலால் அந்த எழுத்தைத் தடவினாள்.

"கை நடுங்கிக்கீது" என்றாள். "உசுரோட கீறாரு."

4. வியாசர்பாடி

ஃபவுண்டரிக்கு நானும் அவளும் போனோம். முதலாளியும் கூட வந்தார். ஃபவுண்டரிக்காரர் முதலில் ஆள் யார் என்று சொல்ல மறுத்தார். எழுதினவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். லூர்தக்கா கெஞ்சவில்லை. கொதிக்கும் ஈயச் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "நான் அவரு சம்சாரம்" என்றாள். அவ்வளவுதான். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, சம்சாரம் இருக்கறதா அவர் சொல்லல" என்றார். "வியாசர்பாடில இருக்காரு. பெரம்பூர்ல ரயில் பெட்டிக்கு நம்பர் எழுதற கான்ட்ராக்டர்கிட்ட வேலை. எழுத்து அழகா இருக்கேன்னு நான்தான் வரையச் சொன்னேன். ஒண்ணு மட்டும் கை வரலன்னு வருஷக்கணக்கா தட்டிக் கழிச்சாரு. போன மாசம் நான் கோபப்பட்டேன். இங்கேயே குந்தி எழுதினாரு. எழுதி முடிச்சுட்டு பேனாவைக் கீழ வெச்சவரு, அப்புறம் எடுக்கவே இல்ல."

மறுநாள் கன்னியப்பன் வழி காட்டினான். அவனுக்கு வியாசர்பாடியில் குத்துச்சண்டைத் தோஸ்துகள் இருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகை. வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் உட்கார்ந்து, ஒரு தகரப் பலகைக்கு வெள்ளைப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். எழுதவில்லை, பூச்சு மட்டும். தலை முழுக்க நரை.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். லூர்தக்கா உள்ளே போனாள். அவர் திரும்பவில்லை. அவள் கால் சத்தத்தை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். பிரஷ் அப்படியே நின்றது. வெள்ளைச் சொட்டு ஒன்று தரையில் விழுந்தது.

ஏன் வரவில்லை என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"எங்க வெச்ச அவன?"

பிரஷைக் கீழே வைத்தார். பிறகு அவர் பலகையைப் பார்த்தே பேசினார்.

"ஆத்தோரம். மூங்கில் காடு. வாந்திபேதி. ரெண்டு நாள் தோள்ல தூக்கினு நடந்தேன். பூட்டாங்கறது தெரியாமலே கொஞ்ச தூரம் தூக்கினு வந்துக்கீறேன். கையாலதான் தோண்டுனேன்."

"அப்புறம்?"

"வந்தேன் லூர்து. நம்ம தெருமொனை வரைக்கும் வந்தேன். நீ பர்மாலேர்ந்து வந்தவன் ஒருத்தனப் புடிச்சு, எம்புள்ளயப் பாத்தியா, எம்புள்ளயப் பாத்தியான்னு கேட்டுகினு நின்ன. என்னப் பத்திக்கூட கேக்கல. நான் இன்னான்னு வந்து நிப்பேன்?"

லூர்தக்கா தரையில் உட்கார்ந்தாள். அவர் முதுகுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். இரண்டு பேரும் அழவில்லை. கன்னியப்பன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான்.

அன்று அவள் தனியாகத்தான் வீடு திரும்பினாள்.

5. புரூஃப்

ஒரு வாரம் கழித்து லூர்தக்கா அச்சகத்துக்கு வந்தாள். "பூசை வெக்கறேன். புள்ளைக்கு அட்டை அடிக்கணும்" என்றாள்.

அந்த நடுங்கின எழுத்தை அவள் மறுபடி பார்க்க வேண்டாம் என்று நினைத்து, நான் சாதாரண டைப்பில் கோத்து புரூஃப் எடுத்தேன். அவள் தாளை வாங்கி, பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"எனுக்கு இது படிக்க வராது, பொண்ணே. எம்புள்ள சாவ எனுக்குப் படிக்கத் தெரியணுமா இல்லையா?"

கலைத்துவிட்டுக் கையெழுத்து டைப்பில் கோத்தேன். பெயர் வந்த இடத்தில் புது ஞ-வை இடுக்கியால் எடுத்து வைத்தேன். முதலாளி உள் அறையிலிருந்து வெளியே வந்து ஓரமாக நின்றார். கன்னியப்பன் அழுத்தத்தைக் குறைத்து, தாளைப் போட்டு, ஒரே மிதி.

அவள் புரூஃபை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். சத்தமாக வாசித்தாள்.

"எங்கள் அருமை மகன்..."

அங்கே நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். "எங்கள் அருமை மகன்..." மறுபடி அதே இடம். நான் சொல்லலாமா என்று வாயெடுத்தபோது கன்னியப்பன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்ச் சாரியில் சவரிமுத்து நின்றார். எப்போது வந்தார், யார் சொல்லி வந்தார், தெரியாது. சாக்கடையைத் தாண்டி வந்தார். படியேறவில்லை. கீழே நின்றபடியே சொன்னார்:

"ஞானப்பிரகாசம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தப் பெயரைத் தானும் ஒரு தடவை சொன்னாள். பிறகு மிச்ச வரிகளை, கோவில் பெயர், பூசை நேரம் வரைக்கும், நிற்காமல் வாசித்து முடித்தாள். "தப்பு இல்ல. அடி" என்றாள் என்னிடம்.

பூசைக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். சவரிமுத்து கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். முடிந்ததும் லூர்தக்கா அவரைத் தாண்டி நடந்தாள். கொஞ்ச தூரம் போய், திரும்பாமல் நின்றாள். அவர் பின்னால் போனார். அதற்கப்புறம் காசிமேட்டில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் எவ்வளவு பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர் மறுபடி எழுதினதாக நான் கேள்விப்படவில்லை.

நான் அந்த அச்சகத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். தொழிலுக்கு வருகிற இளம் பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். அழைப்போ அஞ்சலியோ, புரூஃபை நீங்களே பார்த்துவிட்டு, அடிக்கக் கொடுத்தவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அவரை அனுப்பிவிடாதீர்கள். வந்தவர் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிறவர் எங்காவது நின்றால், பிழை இருக்கிறதா என்று தாளை எட்டிப் பார்க்க வேண்டாம். அவர் மறுபடி ஆரம்பிக்கும் வரைக்கும் மிஷினை நிறுத்தி வைத்துக் காத்திருங்கள்.